வார்த்தையில்லாப் படக்கதை: விரல் எங்கே நிற்கிறது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நூலகத்தில் பிள்ளைகள் கையெழுத்து இதழ் ஒன்று நடத்துகிறார்கள். அதில் படக்கதைப் பக்கத்தைச் சில வருஷங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். வரைவது அவர்கள். வரைந்து வந்ததில் எது ஓடவில்லையோ அதைச் சரிபண்ணுவது என் வேலை. பம்பு செட்டு மெக்கானிக் வேலை மாதிரிதான். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஃபுட் வால்வில் செத்தை அடைத்திருக்கும். எடுத்த எடுப்பில் யாரும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. ஆனால் படக்கதை என்றால் மட்டும் "எனக்கு வரையவே வரலை சார்" என்று பிள்ளைகள் நேரே மோட்டாரில் கை வைத்துவிடுகிறார்கள். வரையும் திறமையைக் கடைசியாகப் பார்க்கலாம். பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் ஒரே சோதனைதான். கதை தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். விரலை வைத்துக்கொண்டே கதையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். விரல் எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்பதை ஒரு ஜெராக்ஸ் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது. இதுதான் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம். மூன்று பேரிடம் காட்டினால் போதும். அம்மாவிடம் மட்டும் வேண்டாம். அம்மா தாளைப் படிக்க மாட்டார், உங்கள் முகத்தைப் படித்துவிடுவார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரைந்த படக்கதையை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆறு கட்டம். சிறுமி காலண்டர் தாளைக் கிழித்துக் கப்பல் செய்கிறாள். காய்ந்த வாய்க்காலில் அதை வைக்கிறாள். கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். தண்ணீர் வருகிறது. கப்பல் போகிறது. எங்கோ வேறு ஊரில் வேறொரு சிறுமி அதை எடுக்கிறாள்.

நல்ல கதை. டீக்கடை மாஸ்டரிடம் கொடுத்தோம். அவர் படித்தது இது: "புள்ள குப்பையை வாய்க்கால்ல போடுது. அப்புறம் உக்காந்து அழுவுது. வெள்ளம் வந்துருச்சு. கடைசில அதே புள்ள குப்பையைப் பொறுக்குது. சுகாதார நோட்டீஸா தம்பி?"

ஒரே தாளில் நாலு பழுது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவ்வளவு தெளிவாகப் பழுதைச் சொல்லும் வாசகர் எளிதில் கிடைப்பதில்லை.

விரல் வரிசை தப்பிப் போகிறது

இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டிய விரல் கீழே நாலாம் கட்டத்துக்கு இறங்குகிறதா? ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடும் வெள்ளைப் பட்டையை எங்கள் பிள்ளைகள் வரப்பு என்கிறார்கள். எனக்கும் அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. பக்கவாட்டு வரப்பு ஒல்லியாகவும், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே உள்ள வரப்பு அகலமாகவும் இருக்க வேண்டும். நாங்கள் 4 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கண் தடுமாறும். தலைகீழாக இருந்தால் கண் நேரே கீழே இறங்கிவிடும்.

வரப்பு சரியாக இருந்தும் விரல் தப்பினால், இரண்டு வரிசை உயரத்துக்கு ஒரு நெட்டைக் கட்டம் எங்காவது குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதைப் பக்கத்தின் இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள், அல்லது இரண்டாக வெட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆள் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்க்க வேண்டும். தமிழ் படிக்கிற கண் இடமிருந்து வலம் போகிறது. ஆள் வலமிருந்து இடம் நடந்தால் கண்ணும் அவரும் முட்டிக்கொள்வார்கள். திரும்பி வருவது, தோற்றுப் போவது போன்றவற்றுக்கு மட்டும் அந்தத் திசையை மிச்சம் வையுங்கள்.

(கோயிலில் வலம் வரும்போது சுவர் நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். நின்று சுவரைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த சிற்பம் இடப்பக்கத்தில் வரும். கோயில் சுவரைப் பார்த்து வரைந்து பழகிய ஒரு பையன் கட்டங்களை வலமிருந்து இடமாக அடுக்கிக்கொண்டு வந்தான். அவன் செய்தது தப்பில்லை, அவன் நடந்துகொண்டே படித்தவன். தாளில் மட்டும் அது ஓடாது.)

"இது என்னது?"

கப்பல் குப்பையானது இந்தப் பழுதால்தான். முதலில் சின்ன காரணம்: பொருள் பொடிசாக இருக்கிறது. முதல் தடவை வரும்போது முக்கியமான பொருள் கட்டத்தில் கால் பங்காவது இருக்கட்டும். அடுத்தடுத்த கட்டத்தில் சுருங்கினால் பரவாயில்லை, கண்ணுக்கு அறிமுகம் ஆகிவிட்டது. நம் பிள்ளை முதல் கட்டத்தில் வீடு, ஆட்டுக்குட்டி, மிக்சி எல்லாம் வரைந்திருந்தாள். கப்பல் அவள் கையில் ஒரு முக்கோணமாக இருந்தது.

பெரிதாக்கியும் புரியவில்லை என்றால் கையைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பழுது கையில்தான். அவள் நின்றபடி ஒரு கையை நீட்டிக் கப்பலை விட்டிருந்தாள். நின்றபடி ஒரு கையால் விட்டால் அது எறிவது. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடியில் தாங்கி வைத்தால் அது வைப்பது. கப்பலின் மூக்கு தண்ணீர் போகப்போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இவ்வளவுதான் மாற்றினோம். அடுத்து படித்தவர் பூக்கார அம்மா. "விளக்கு வைக்கிற மாரி வைக்குதே" என்றார். விளக்கு இல்லைதான், ஆனால் குப்பை போய்விட்டது.

கையும் அதில் உள்ள பொருளும் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் இருக்கும் சோழர் ஓவியங்களே சாட்சி. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் இருந்து 1931-இல் வெளியே தெரிந்தவை. சுந்தரர் கல்யாணத்தைத் தடுக்க வரும் கிழவர் கையில் ஓர் ஓலை. அந்த ஓலையை எடுத்துவிட்டால் அவர் பந்திக்கு வந்த விருந்தாளி ஆகிவிடுவார். உள்ளே போய்ப் பார்க்க எல்லாரையும் விடுவதில்லை. புகைப்படத்தில் பார்த்தாலும் இது தெரியும்.

"அப்புறம் டக்குனு வெள்ளம் வந்துருச்சா?"

நாள் போனது தெரியவில்லை. வார்த்தையில்லாக் கதையில் அடிக்கடி வரும் பழுது இது. "மூன்று நாள் கழித்து" என்று எழுத வழியில்லை.

பிள்ளைகள் முதலில் கடிகாரம் வரைவார்கள். கடிகாரம் மணியைச் சொல்லும், நாளைச் சொல்லாது. அப்புறம் சூரியன், நிலா. ஒரு ராத்திரி போவதற்கு அது போதும். நாலு நாளுக்கு நாலு சூரியன் நாலு நிலா வரைந்தால் ஜாதகக் கட்டம் மாதிரி ஆகிவிடும்.

முதலில் செய்து பார்க்க வேண்டியது: ஒரே காட்சி, ஒரே கோணம், மாறுவது ஒன்றே ஒன்று. ஜன்னல் கண்ணாடியில் முதல் தாளை வைத்து, மேலே இன்னொரு தாளை வைத்து அப்படியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கரை, மரம், வாய்க்கால் எதுவும் ஒரு மயிரிழை நகரக் கூடாது. கரை நகர்ந்தால் படிப்பவர் வேறு இடம் என்று நினைப்பார். கரை நகராமல் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருந்தால், நாள்தான் போயிருக்கிறது என்று தானாகவே எடுத்துக்கொள்வார்.

அது போதவில்லை என்றால் கட்டத்தைப் பிளக்க வேண்டும். காத்திருக்கும் மூன்றாம் கட்டத்தை ஒரே அகலமான மூன்று ஒல்லிப் பட்டையாக வெட்டினோம். முதல் பட்டையில் அவள் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள், ஓர் ஆடு கப்பலை மோந்து பார்க்கிறது. இரண்டாவதில் பாவாடை சட்டை, ஆடு இல்லை, கப்பல் விளிம்பு வெயிலில் சுருண்டிருக்கிறது. மூன்றாவதில் மறுபடி சீருடை, கப்பலின் மேல் ஒரு காக்கை. சீருடை, பாவாடை, சீருடை என்று வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். ஆடும் காக்கையும் சிரிப்புக்கு.

எத்தனை பட்டை என்பதில் கொஞ்சம் நிஜமும் இருக்கட்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் கிளை ஆறு, வாய்க்கால் எல்லாம். அதனால் மூன்று பட்டைக்குக் குறைவாக எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஏழெட்டுப் பட்டை போட்டால் காத்திருப்பது படிப்பவரின் வேலையாகிவிடும்.

"அழுவுதா, சிரிக்குதா?"

முகத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூடுங்கள். உடம்பை மட்டும் பார்த்து என்ன தெரிகிறது? நம் பிள்ளை முழங்காலில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். நாணயம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது அழுகைதான். காத்திருக்கிறவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்து தலையை நிமிர்த்தி, மேற்கே பார்க்க வைத்து, ஒரு கையைக் கண்ணுக்கு மேலே மறைப்பாகக் கொடுத்தாள். முகத்தை வரையவே இல்லை, பின்னந்தலை மட்டும்தான். பிரச்சினை தீர்ந்தது.

வியர்வைத் துளியைக் கண்ணீராகப் படிப்பதும் இதே வகை. துளியை அழித்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைக்க வையுங்கள்.

"அதே புள்ளதானே?"

கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பிரதியில் இரண்டு ஆட்களையும் முழுக்க அடையுங்கள், உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல். நிழலாகப் பார்த்தும் யார் யார் என்று தெரிந்தால் பழுது வேறு இடத்தில். தெரியவில்லை என்றால் வெளிக்கோட்டை மாற்ற வேண்டும். பொட்டு, கம்மல், சட்டை நிறம் எல்லாம் பயனில்லை. ஜெராக்ஸில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான்.

முதல் சிறுமிக்கு இரட்டைச் சடை. இரண்டாமவளுக்குக் கிராப்பு வெட்டினோம். அப்படியும் டீக்கடையில் ஒருவர் "மொட்டை போட்டு முடி வளந்துருக்கு" என்றார். அதனால் இரண்டாமவள் இடுப்பில் ஒரு தம்பியை ஏற்றினோம். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் நிழலை யாரும் வேறு ஆளோடு குழப்ப முடியாது.

அப்புறம் இடம். மேலே தென்னையும் வாழையும் இருந்ததால், கடைசிக் கட்டத்தில் ஒற்றைப் பனையும் மணலும் வைத்தாள். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையை, நாகப்பட்டினம் பக்கம், பார்த்தவர்களுக்கு அந்தப் பனை ஒன்றே போதும். பார்க்காதவர்களுக்கும் மரம் மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது என்றாவது புரியும்.

ஒரே ஆள் கட்டத்துக்குக் கட்டம் வேறு ஆளாகத் தெரிவது இதன் மறுபக்கம். ஆளுக்கு மூன்று அடையாளம் முடிவுசெய்து, தாளின் மேல் ஓரத்தில் சின்னதாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டம் முடித்ததும் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

"ஒரே ஒரு வார்த்தை எழுதிக்கட்டுமா சார்?"

இது பழுது இல்லை, பழுதின் வாசனை. வார்த்தை எழுதக் கை ஊறும் இடத்தில் ஒரு பொருளோ ஒரு கட்டமோ குறைகிறது. கடை என்று பலகை எழுதுவதற்குப் பதில் வாழைத்தார் தொங்கட்டும், மிட்டாய் ஜாடி இருக்கட்டும். "டமால்" என்பதற்குப் பதில் மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பட்டும்.

ஒரு பையன் எதிர்வாதம் வைத்திருந்தான்: தாராசுரத்தில் நாயன்மார் கதைச் சிற்பங்களுக்கு மேலே பெயர் பொறித்திருக்கிறார்களே சார், சோழர் சிற்பியே எழுதியிருக்கிறாரே என்று. உண்மைதான், பதிலுக்கு என்னிடம் ஒன்றுமில்லை. 63 பேரைக் குட்டிக் குட்டிச் சிற்பமாகச் செதுக்கினால் உனக்கும் எழுத அனுமதி உண்டு என்று சொல்லிச் சமாளித்தேன்.

எண் எழுதலாமா என்பது தனி வழக்கு. நம் பிள்ளை கப்பல் செய்த காலண்டர் தாளில் 12 என்று போட்டிருந்தாள், ஜூன் 12. அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் அது அடுத்த பழுதைக் கொண்டுவந்தது.

உள்ளூரில் புரிகிறது, வெளியூரில் புரியவில்லை

ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் நாள் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்த அத்தை மகனுக்கு அது வெறும் பன்னிரண்டு. "மழை பெய்யாம எப்படித் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தத் தேதியே நிலையானதும் இல்லை: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அணையில் தண்ணீர் போதாத வருஷம் தள்ளியும் போகும்.

வெளியூர்க்காரர் ஒருவரிடம் கேட்பதுதான் சோதனை. அவருக்குத் தெரியாதது எது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரே ஒரு கட்டம் ஒதுக்குங்கள். நாங்கள் மதகில் ஷட்டரைத் திருகி மேலே ஏற்றும் லஸ்கரின் இரண்டு கைகளை மட்டும் ஒரு கட்டமாக வைத்தோம், கீழே ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் பீறிடுகிறது. கோயம்புத்தூர்ப் பையன் அங்கே விரலை நிறுத்தவே இல்லை.

கட்டம் கூடினால் எங்காவது குறைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமாகத் துண்டுக் காகிதத்தால் மூடிப் படித்துப் பாருங்கள். எதை மூடினாலும் கதை குறையவில்லையோ அது போகலாம். கப்பல் நடு ஆற்றில் போகும் ஐந்தாம் கட்டம் அப்படிப் போயிற்று. அழகாக வரைந்தது அதுதான். அவளுக்கு மனசு வரவில்லை, அட்டைப்படத்துக்கு வைத்துக்கொண்டோம்.

"ம்... சரி"

எல்லாம் புரிகிறது, ஆனால் படித்தவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தை மூடிவிட்டு அடுத்து என்ன என்று கேளுங்கள். அப்படியே சொல்லிவிட்டால் முடிவு பழசு. என்ன சொல்வதென்றே தெரியாமல் விழித்தால், முடிவுக்கான விதையை முன்னால் நடவில்லை. பாதி சொல்லி நிறுத்தினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

கடைசிக்கு முந்திய கட்டத்திலேயே கதை முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பாதி நேரம் கடைசிக் கட்டம் கைதட்டல் வாங்கக் குனிந்து நிற்பதற்காகவே இருக்கும். வெட்டிவிடுங்கள்.

நம் கதையில் இரண்டாம் சிறுமி ஓடும் தண்ணீரில் கப்பலை எடுத்தாள். "எடுத்தா, சரி" என்றார் மாஸ்டர். அங்கே தண்ணீர் ஏற்கெனவே ஓடினால் கப்பலுக்கு என்ன வேலை என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். கடைசிக் கட்டத்தில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இடது ஓரத்திலிருந்து ஒரு நாக்கு அளவு தண்ணீர் நுழைகிறது. முதல் தண்ணீர் எப்படி வரும் என்று பார்த்தவள் அவள்: நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புக்குள் இறங்கி இறங்கி வரும். அந்த நுரையின் நுனியில் கப்பல். தம்பியை இடுக்கியபடி சிறுமி எழுந்து நிற்கிறாள்.

மாஸ்டர் விரலை அதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பால் பொங்குகிறது என்று யாரோ கத்தினார்கள். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "கடமடைக்குப் போயிருச்சா" என்றார்.

தாளில் நன்றாக இருக்கிறது, ஜெராக்ஸிலும் போனிலும் இல்லை

பென்சில் கோடு ஜெராக்ஸில் பாதி காணாமல் போகும். கறுப்பு ஜெல் பேனாவால் இழுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பென்சிலை அழியுங்கள். ஏ4 தாளை ஏ5 ஆக்கினால் 71 சதவீதமாகச் சுருங்கும். 0.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த முனையில் போட்ட கோடு நைந்துவிடும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விடாவிட்டால் மெஷின் சாப்பிட்டுவிடும்.

வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் மசங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படம் எடுக்கும்போது உங்கள் கை நிழல் விழுகிறது என்றால் விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வாருங்கள்.

தொழில் தெரிந்தவரிடம் எப்போது போவது

மூன்று தடவை மாற்றி வரைந்தும் மூன்று பேரின் விரலும் அதே இடத்தில் நின்றால் போகலாம். அப்போதுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பள்ளி ஓவிய ஆசிரியர் போதும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது உறவிலோ தெருவிலோ இருந்தால் இன்னும் நல்லது. மொத்தமும் வரைந்து தரக் கேட்காதீர்கள். விரல் நிற்கிற அந்த ஒரு கட்டத்தை மட்டும் காட்டுங்கள்.

இரண்டு பேர் பேசுவதே கதையின் உயிராக இருந்தால் எந்த ஓவியராலும் அதைக் காப்பாற்ற முடியாது. பலூன் போட்டு வசனம் எழுதிவிடுங்கள், அது வேறு வகைப் படக்கதை, கேவலம் ஒன்றும் இல்லை.

நூற்றுக்கணக்கில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் போன் படத்தை நம்பாமல் அச்சகத்திலேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், கோட்டுப் படத்துக்கு 600 டிபிஐ. மூலத்தாளை மடிக்காமல் அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள். ஓவியரிடம் போகும்போது, டீக்கடையில் விரல் நின்ற இடங்களைப் பென்சிலால் குறித்த அந்த ஜெராக்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். டீக்கறை இருந்தாலும் பரவாயில்லை.